நடுவில் மட்டும் தேய்ந்த டயர்

கார் சாவி இன்னும் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

போன வாரம் மருமகள் அதைக் கொண்டுவந்து மாட்டியதோடு கதையை நிறுத்தியிருந்தோம். லேசான தூறல். பள்ளிக்கூடத்து வளைவு. கார் அவள் பேச்சைக் கேட்காமல் வழுக்கிக்கொண்டே போய் நடைபாதையில் ஏறி, நர்சரிக்காரர் அடுக்கி வைத்திருந்த பூந்தொட்டிகளில் முட்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நர்சரிக்காரர் தங்கமான மனிதர், "தொட்டிதானேம்மா, போனாப் போவுது" என்று குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஆனால் இவள் வீட்டுக்கு வந்து, சாவியை மாட்டி, "இனிமே நான் ஓட்டல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அந்த ஆணிப் பக்கம் திரும்பவே இல்லை.

ஓட்டாவிட்டால் என்ன, குடியா முழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். முழுகித்தான் விடும் போலிருந்தது.

மருமகளின் வேலை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குதிகால் வலி, பாத வலி என்று வருகிறவர்களுக்கு, ஷூவுக்குள் வைக்கிற மெத்தையை அவரவர் பாதத்துக்கு அளவெடுத்துச் செய்து கொடுக்கிறவள். இத்தனை வருஷமும் இன்னொருவர் கிளினிக்கில், இன்னொருவர் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்துதான் செய்தாள். இப்போது மேட்டுப் பக்கம் புதிதாகத் திறக்கிற கிளினிக்கில் அவளுக்கென்று ஓர் அறை தருகிறார்கள். தனி மேசை, பெரிய ஜன்னல், கதவில் அவள் பெயர். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். நடக்க முடியாதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். மேட்டில் பஸ் கிடையாது. கார் ஓட்டுகிறவர்களுக்குத்தான் அந்த அறை.

இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். "முடியாதுன்னு சொல்லிடப் போறேன்" என்று காலையில் பல் துலக்கிக்கொண்டே கணவனிடம் சொன்னாள். வாய் நிறைய நுரை இருந்ததால் அவள் அழுகிறாளா இல்லையா என்பது அவனுக்குப் பிடிபடவில்லை.

கணவன் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவன். அடுத்த தெருவில் யாராவது கதவைச் சாத்தினால் கீல் எந்தச் சுருதியில் முனகியது என்று சொல்வான். கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மறுத்துவிட்டான். "இத்தனை பேர் ஹார்ன் அடிக்கிறாங்க, ஒருத்தராவது சுருதியோட அடிக்கிறாங்களா" என்பது அவனுடைய காரணம். மனைவியைச் சமாதானப்படுத்தவும் அவன் கற்றுக்கொள்ளவில்லை. டவலை எடுத்து நீட்டினான், அவ்வளவுதான்.

மூன்றாவது ஆள் நம்ம மாமனார். மனைவியை இழந்து பல வருஷங்கள் ஆகின்றன. காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு 'மைலேஜ்' என்று பட்டப்பெயர். அவருக்கும் அது தெரியும், அதில் உள்ளூரப் பெருமையும் உண்டு. கொஞ்ச நேரம் பெட்ரோலிலும் கொஞ்ச நேரம் பேட்டரியிலும் ஓடுகிற ஹைபிரிட் காரை வாங்கிய நாளிலிருந்து மனிதருக்கு அதே பைத்தியம்தான். வண்டியை நிறுத்தும்போது, இந்தப் பயணத்தில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைத்தது என்று ஸ்கிரீனில் ஓர் எண் வரும். அந்த எண்ணுக்காக ஏசி போடமாட்டார். ஜன்னலையும் திறக்கவிடமாட்டார், காற்று பிடித்து இழுக்குமாம். பின் சீட்டில் கிடந்த குடையைக்கூட எடை என்று சொல்லி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். அதனால் யார் யார் நனைந்தார்கள் என்று பழைய அத்தியாயங்களைப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அவருடைய ரெக்கார்டை போன வருஷம் ஒரு நாள் மருமகள் உடைத்தாள். அதுவும் ஏசியைப் போட்டுக்கொண்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு. "சபாஷ்மா" என்று கைகொடுத்தார் மாமனார். கைகொடுத்துவிட்டு அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தார். அடுத்த மாதமே ரெக்கார்டு மறுபடியும் அவரிடம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் எவ்வளவு முயன்றும் அவரை நெருங்க முடியவில்லை.

சரி, இன்றைய கதைக்கு வருவோம்.

"வண்டிக்கு டயர் மாத்தணும். நான் போய் மாத்திட்டு வந்துடறேன்" என்றார் மாமனார், ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டே.

"இப்ப என்னப்பா அவசரம்? அவதான் இனிமே ஓட்ட..." என்று ஆரம்பித்த மகன் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இன்னிக்கே மாத்தணும். நீங்க யாரும் வர வேணாம். நான் மட்டும் போதும்."

இது கொஞ்சம் வினோதமாக இருந்தது. காருக்கு ஒரு வைப்பர் வாங்குவதானாலும் வீட்டையே கூட்டிக்கொண்டு போய், கடைக்காரரிடம் தான் கேட்கிற கேள்விகளை எல்லாரும் நின்று காதில் வாங்க வேண்டும் என்று நினைக்கிறவர் அவர். மகன் விடவில்லை. டயர் சத்தம் தன் காதுக்குத்தான் எமன், அதனால் தானும் வருவேன் என்றான். வீட்டில் தனியாக விட்டால் மனைவி போனை எடுத்து முடியாது என்று சொல்லிவிடுவாள் என்ற பயமும் இருந்தது. அவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

மருமகள் பின் சீட்டில் போய் உட்கார்ந்தாள். ஸ்டியரிங் கண்ணில் படாமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டி பேட்டரியில் சத்தமில்லாமல் கிளம்பியது. மகன் காதைத் தீட்டிக்கொண்டான். "முன்னாடி வலது டயர் கூவுது."

"டயர் எங்கயாவது கூவுமாடா?"

"கூவுதுப்பா. இடது பக்கமும் கூவுது, கொஞ்சம் சுருதி கம்மியா."

"அப்ப ரெண்டையும் சேத்து வச்சுக் கச்சேரி பண்ணு" என்றார் மாமனார். மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் பின் சீட்டிலிருந்து ஒரு சிரிப்பு வந்திருக்கும். இன்று வரவில்லை.

பள்ளிக்கூடத்து வளைவு வருவதற்கு முன்பே அவர் வண்டியை இடதுபுறம் திருப்பினார். மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போகிற நீளமான வழி அது. தான் அந்த வளைவைப் பார்க்க வேண்டாமென்றுதான் சுற்றுகிறார் என்று மருமகளுக்குப் புரிந்தது. பெட்ரோல் சொட்டை எண்ணுகிற மனிதர் ஊரைச் சுற்றுகிறாரே என்று அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

டயர் கடையில் ரப்பர் வாசனை மூக்கை அடைத்தது. தரையிலிருந்து கூரை வரை டயர்கள் அடுக்கியிருந்தன. கடை முதலாளியை ஊரே 'டயர் அக்கா' என்றுதான் கூப்பிடும். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு, படுக்கப்போட்ட டயர் ஒன்றின் மேல் டீ டம்ளரை வைத்திருந்தார். வண்டி உள்ளே வந்ததுமே நாலு சக்கரத்திலும் காற்றை அளந்து பார்த்தார்.

"காத்தெல்லாம் கரெக்டா வச்சிருக்கீங்க. உட்காருங்க."

ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, பழைய டயர்களைக் கழற்றி ஒரு மூலையில் போட்டார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"ஹைபிரிட் வண்டிக்குக் கண்ணுல பட்டதையெல்லாம் மாட்ட முடியாது. பேட்டரியையும் சேத்துச் சுமக்குது, டயர் அந்த வெயிட்டைத் தாங்கணும். மிதிச்ச உடனே மோட்டார் வெடுக்குனு இழுக்கும், அதனால சீக்கிரம் தேயும். இஞ்சின் அணைஞ்சு பேட்டரில போறப்ப வேற சத்தமே இருக்காது, டயர் சத்தம் மட்டும்தான் காதுல விழும். என்கிட்ட மூணு தினுசு இருக்கு. ஒண்ணு மைலேஜ் குடுக்கும். ஒண்ணு சத்தமே போடாது. ஒண்ணு மழையில ரோட்டை விடாம பிடிச்சுக்கும். மூணும் ஒரே டயர்ல வேணும்னு கேக்காதீங்க. அப்படி ஒண்ணு இருந்தா நான் எதுக்கு இத்தனையை அடுக்கி வச்சிருக்கேன்?"

மகன் முந்திக்கொண்டான். மூன்று டயர்களையும் நிறுத்தி வைத்து விரல் முட்டியால் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். மறுபடி தட்டினான். தெருவில் போன இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"இதுதான்" என்று நடுவில் இருந்ததைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "என்ன மிருதுவா இருக்கு."

"மிருதுதான் தம்பி. ஆனா அந்த அளவுல இந்த வண்டி வெயிட்டைத் தாங்காது. பக்கத்துல நம்பர் போட்டிருக்கு பாருங்க. உங்க வண்டிக்கு இதைவிடக் கூட வேணும்."

மகன் கட்டிப்பிடித்திருந்த டயரை மனசில்லாமல் விட்டான்.

"ஆக, மிச்சம் ரெண்டு" என்று டயர் அக்கா மைலேஜ் டயரை மாமனார் பக்கம் உருட்டிவிட்டார். "ஐயாவுக்கு நான் எடுத்துச் சொல்லணுமா? இதுதான் மாட்டப் போறேன்."

"வேணாம். மழை டயரைப் போடு" என்றார் மாமனார்.

உருண்டுபோன டயரை டயர் அக்கா எட்டிப் பிடித்து நிறுத்தினார்.

"ஐயா, அது மைலேஜைச் சாப்பிடும்."

"சாப்பிடட்டும்."

"லிட்டருக்கு ஒண்ணாவது குறையும்."

"குறையட்டும். உன்கிட்ட இருக்கறதுலயே எது நல்லாப் பிடிக்குமோ அதைப் போடு."

டயர் அக்கா தலையில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவரை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். மகன் கிட்டே போய் அப்பாவின் நெற்றியில் கைவைத்தான். "என்னப்பா, காய்ச்சலா?"

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மருமகள் அப்போதுதான் நிமிர்ந்தாள். அவளுக்குச் சுருக்கென்றது. என்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது, அதனால்தான் இப்படிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"எனக்காகன்னா வேணாம் மாமா. நான்தான் ஓட்டப் போறதில்லையே. உங்களுக்குப் பிடிச்சதைப் போட்டுக்குங்க."

"உனக்காகன்னு யார் சொன்னா?" என்றார் அவர். குரல் சரியில்லை. முகத்தையும் பார்க்கவில்லை.

முகத்தைப் பார்க்காமல் பேசுகிறவர்களோடுதான் அவளுக்குத் தினமும் பிழைப்பு. மெத்தையை ஒரு நாள்கூடப் போடாமல், "தவறாம போடறேங்க" என்று சொல்கிற நோயாளிகள் எல்லாரும் அவள் கண்ணைப் பார்க்கமாட்டார்கள். மூலையில் கழற்றி வைத்த ஷூவைத்தான் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அவள் எழுந்துபோய் அந்த ஷூவைத் திருப்பிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடுமே என்ற பயம்.

மாமனார் அப்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது மூலையில் கிடந்த பழைய டயர்களை.

அவள் எழுந்தாள். "எங்கம்மா போறே, உடம்பெல்லாம் கரியாகிடும்" என்று அவர் பதறிக்கொண்டு வந்தார். அவள் நிற்கவில்லை. ஒரு டயரை நிமிர்த்தி வைத்து, மேல்பரப்பில் கட்டைவிரலை ஓட்டினாள். இரண்டு ஓரமும் நன்றாக இருந்தன. பள்ளங்கள் ஆழமாக, விரல் நுழைகிற மாதிரி. நடுவில் மட்டும் வழுக்கை. அடுத்த டயரையும் நிமிர்த்தினாள். அதுவும் அப்படியே. நான்குமே அப்படித்தான்.

காலையிலிருந்து, ஏன், ஒரு வாரமாகவே செத்துப்போயிருந்த அவள் முகத்தில் உயிர் வந்தது. இது அவளுடைய பேட்டை.

"ரெண்டு ஓரமும் தரையிலயே படல" என்றாள். "நடு மட்டும்தான் பட்டிருக்கு. அப்படின்னா டயர் உப்பிப்போய் ஓடியிருக்கு. மாசக்கணக்கா காத்து அதிகமா இருந்திருக்கு. தண்ணியை வெளிய தள்ளற பள்ளம் நடுவுலதான், அதுதான் மழமழன்னு இருக்கு. மழைத் தண்ணி எங்க போகும்?"

"நீங்க டயர் வேலை பாத்திருக்கீங்களாம்மா?" என்றார் டயர் அக்கா.

"இல்லக்கா. கால் வேலை."

"வரும்போது காத்து கரெக்டா இருக்குன்னாங்களே" என்றான் மகன்.

"இன்னிக்குக் கரெக்டா இருக்கு" என்றாள் அவள். "தேய்ஞ்சது இன்னிக்குத் தேய்ஞ்சதில்லையே."

டயர் அக்கா டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். "கழட்டும்போதே எனக்குத் தெரியும். குடும்ப விஷயம், நான் ஏன் வாயைத் தொறக்கணும்னு இருந்தேன்."

அந்த வீட்டில் காருக்குக் காற்று அடிக்க ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. வேறு யார் தொட்டாலும் அவருக்குப் பிடிக்காது. சட்டைப் பையில் பேனா வைத்திருப்பது போலக் காற்று அளக்கும் மீட்டரைச் சொந்தமாக வைத்திருக்கிற ஒரே மனிதர். மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமனார் சுவரில் ஒட்டியிருந்த ஆயில் விளம்பரத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா."

"ம்."

"எவ்வளவு அதிகமா அடிச்சீங்க?"

"கொஞ்சம்தாம்மா." விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்புறம் இன்னும் கொஞ்சம். டயர் கல்லு மாதிரி இருந்தா வண்டி சும்மா உருளும். மைலேஜ் ஏறும். நீ என் ரெக்கார்டை உடைச்சியா, அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே வரல. பாட்டுக் கேட்டுக்கிட்டே உடைச்சிட்டியே."

மகன் வாயைப் பிளந்தான். "மருமககிட்ட ஜெயிக்கறதுக்காகத் திருட்டுத்தனமா காத்து அடிச்சீங்களா?"

"நீ சும்மா இருடா." அவர் இப்போது திரும்பி மருமகளைப் பார்த்தார். இந்த வாரத்தில் முதல் முறையாக நேராகப் பார்த்தார். "வழுக்கிச்சுன்னு நீ போன் பண்ணினப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சும்மா. மறுநாள் காலையில நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடி கீழ போய் அதிகப்படி காத்தையெல்லாம் இறக்கிட்டேன். ஆனா சொல்ல வாய் வரல. தொட்டி உடைஞ்சதோட போச்சு. வேற எதாவது ஆகியிருந்தா..."

சட்டைப் பையில் இருந்த மீட்டரை விரலால் தடவிக்கொண்டார்.

மருமகள் அப்படியே நின்றாள். அவளுக்குக் காதில் விழுந்ததெல்லாம் ஒன்றுதான்.

"அப்ப நான் இல்ல" என்றாள் மெதுவாக. அப்புறம் கணவன் பக்கம் திரும்பி, "அது நான் இல்லங்க" என்றாள்.

"வேகமாப் போனீங்களா அன்னிக்கு?" என்று டயர் அக்கா கேட்டார்.

"இல்லக்கா. மெதுவாத்தான் திருப்பினேன். பிரேக்கும் மெதுவாத்தான் மிதிச்சேன்."

"அப்புறம் என்ன? இந்த டயரை மாட்டிக்கிட்டுத் தூறல்ல அந்த வளைவுல யார் திருப்பியிருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும். நான் திருப்பியிருந்தாலும்."

சந்தோஷம் வந்தால் மனிதர்கள் சிரிப்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். மருமகள் அழுதாள். கரி படிந்த கையால் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் கோடு கோடாக இழுத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே அழுதாள். அழுது முடித்ததும்தான் கோபம் வந்தது. அது நியாயமான கோபம், நான் தடுக்கப் போவதில்லை.

"ஒரு வாரமா எனக்குக் கண்ணை மூடினா அந்த வளைவுதான் மாமா. எனக்கு ஓட்டவே லாயக்கில்லன்னு முடிவு பண்ணிட்டேன். அந்த ரூமையே வேணாம்னு சொல்ல இருந்தேன். பத்தடி தள்ளிப் பக்கத்து ரூம்ல இருந்துக்கிட்டு நீங்க ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லணும்னுதான் தினமும் ராத்திரி எந்திரிச்சு வருவேன். உன் ரூம் கதவு வரைக்கும் வருவேன். அப்புறம் தண்ணி குடிக்கப் போற மாதிரி சமையல் கட்டுக்குப் போயிடுவேன்."

"அதானா" என்றான் மகன். "தினமும் காலையில பாட்டில் எல்லாம் காலியாக் கிடக்குதேன்னு பாத்தேன்."

டயர் அக்காவுக்கு டீ புரையேறிவிட்டது. மருமகள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. கோபத்தோடு ஆரம்பித்த மூச்சு பாதியில் சிரிப்பாக மாறி, விழுந்து விழுந்து சிரித்தாள். மாமனாருக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. பாவம், அழுவதற்குத் தயாராக வைத்திருந்த முகத்தை என்ன செய்வதென்று புரியாமல் நின்றார்.

"மன்னிச்சிடும்மா" என்றார்.

"யோசிக்கிறேன்" என்றாள் அவள். "முதல்ல உங்க ரெக்கார்டு செல்லாது."

அந்த மனிதர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அவ்வளவு நேரமும் தாங்கிக்கொண்டவருக்கு இதுதான் வலித்தது. ஆனாலும் தூக்கி வைத்திருந்த வண்டியின் கதவைத் திறந்து, உள்ளே எட்டி, ஸ்கிரீனை அமுக்கி, தன் கையாலேயே தன் ரெக்கார்டு எண்ணை அழித்தார்.

"செல்லாது" என்றார். "இப்ப உன்னோடதுதான் ரெக்கார்டு."

"ரெண்டாவது, அந்த மீட்டரைக் குடுங்க. இனிமே காத்து நான்தான் பாப்பேன்."

சட்டைப் பையிலிருந்து மீட்டர் வெளியே வந்தது. பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற தகப்பன் மாதிரி அதை இரண்டு கையாலும் கொடுத்தார்.

"மூணாவது, டயரை நான் பாத்து எடுக்கறேன்."

மாமனார் சொன்ன மழை டயரை அவள் அப்படியே ஒப்புக்கொண்டுவிடவில்லை. மெத்தைக்கு ரப்பர் தேர்ந்தெடுக்கும்போது செய்வது போலவே செய்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள், எவ்வளவு சீக்கிரம் பழையபடி எழும்புகிறது என்று பார்த்தாள். பள்ளங்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன, தண்ணீர் உள்ளே போனால் எந்த வழியாக வெளியே வரும் என்று விரலால் தடவித் தெரிந்துகொண்டாள். பக்கவாட்டில் எடைக்கான எண்ணைப் பார்த்தாள். எந்த வருஷம் செய்தது என்றும் பார்த்தாள். மழை டயரிலேயே இரண்டு ரகம் இருந்தன. கணவனைக் கூப்பிட்டு இரண்டையும் தட்டச் சொன்னாள். அவன் தட்டிப் பார்த்து, ரெண்டாவதில் கொஞ்சம் முனகல் குறைவு என்றான்.

"அப்ப ரெண்டாவது" என்றாள். "நாலும் இதுவே போடுங்கக்கா."

மாட்டி முடித்து, சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்றும் பார்த்து முடிக்கும்போது வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் துளிகள் கடையின் தகரத்தில் விழுந்தன.

"புது ரப்பரு, முதல்ல கொஞ்ச தூரம் பதமாப் போங்க" என்றார் டயர் அக்கா. "அப்புறம் நீங்க சொன்னபடி கேக்கும்."

சாவி மாமனார் கையில் இருந்தது. அவர் அதை வைத்துக்கொண்டு தயங்கினார். கொடுக்கவும் பயம், தானே ஓட்டுகிறேன் என்று சொல்லவும் வாயில்லை. மருமகள் கையை நீட்டினாள். அவர் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் போய் ஏறிக்கொண்டார். அந்தக் காரை வாங்கியதிலிருந்து அவர் பின் சீட்டில் உட்காருவது இதுதான் முதல் தடவை.

சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். கணவன் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டான். வண்டி பேட்டரியில் ஊர்ந்து தெருவுக்கு வந்தது.

"மார்க்கெட் வழியாவே போயிடலாம்மா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"வேணாம் மாமா. பள்ளிக்கூடம் வழியாவே போறேன்."

தெருவெல்லாம் தண்ணீர். பள்ளிக்கூடத்து மதில் தெரிந்தது. அன்றைக்கு எங்கே பிரேக்கை மிதித்தாளோ அதே இடத்தில், அதே மாதிரி மெதுவாக மிதித்தாள். வண்டி வேகம் குறைந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினாள். சக்கரத்துக்கு அடியில் தண்ணீர் சளசளவென்று ஒதுங்குவது கேட்டது. வண்டி திரும்பியது. அவள் எவ்வளவு திருப்பினாளோ அவ்வளவுதான் திரும்பியது, ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நர்சரிக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். காரை அடையாளம் கண்டதும் குனிந்து ஒரு தொட்டியை அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டார். அப்புறம் கையை ஆட்டினார்.

மருமகள் ஹார்ன் அடித்துச் சிரித்தாள். "சுருதி சேரல" என்றான் கணவன். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

வீட்டுக்குத் திரும்புகிற தெரு வந்தது. அவள் திரும்பவில்லை. நேராக மேட்டு ரோட்டில் ஏறினாள். "இது நம்ம வீட்டு வழி இல்லையேம்மா" என்றார் மாமனார். தெரியும் என்று சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானை அமுக்கினாள். காருக்குள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போன் அடித்தது. மேட்டுக் கிளினிக்கின் டாக்டரம்மா எடுத்தார்.

"சொல்லுங்க, என்ன முடிவு பண்ணினீங்க?"

"வர்றேன் டாக்டர்" என்றாள். குரல் லேசாக உடைந்தது, சரிப்படுத்திக்கொண்டாள். "நானே ஓட்டிக்கிட்டு வர்றேன்."

"அப்பாடா. உங்க ரூமை யாருக்கும் குடுக்காம பிடிச்சு வச்சிருக்கேன். ஆங், இன்னொரு விஷயம். உங்க அட்ரஸைப் பாத்துட்டு எங்க அம்மா நச்சரிக்கறாங்க. அது லிஃப்ட் ரிப்பேர் பாத்தாரே, அவர் வீடா? ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரே லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்களாம். அம்மா பயப்படாம இருக்கணும்னு வெளிய வர்ற வரைக்கும் விசிலடிச்சுக்கிட்டே இருந்தாராம். இப்பவும் அவர் விசிலடிப்பாரான்னு கேக்கச் சொன்னாங்க."

போனை வைத்தாயிற்று.

மகன் முன் சீட்டில் இருந்தபடியே முழுசாகப் பின்னால் திரும்பிவிட்டான். கீல் முனகினாலும் சுருதி சொல்கிறவன், இத்தனை வருஷத்தில் தன் அப்பா விசிலடித்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. "அப்பா, நீங்க விசிலடிப்பீங்களா?"

மருமகள் கண்ணாடி வழியாகப் பின் சீட்டைப் பார்த்தாள். மாமனாரின் காது மடல் வரை சிவந்திருந்தது.

"கண்ணாடியில என்ன பார்வை?" என்று அதட்டினார் அவர். "ரோட்டைப் பாத்து ஓட்டும்மா."

ஒரு வாரமாக அந்த வீட்டில் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை அதட்டிப் பேசியதில்லை. எல்லாரும் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள், நோயாளியிடம் பேசுவது போல. ஓட்டுகிறவளைத்தானே ஓட்டு என்று அதட்ட முடியும். அவளுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் பரவியது.

"ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கேன், மாமா" என்றாள்.